ரஞ்சித் இல்லாத நாற்பத்தொரு படங்கள்

கேமராவிலிருந்து செல்போனுக்குப் படம் மாற்றுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. பொறுமை இருந்தால் போதும். எனக்குப் பொறுமை உண்டு என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். ரேஷன் கடை வரிசைக்கு என்னைத்தான் அனுப்புவார்கள்.

முதலில் கேமராவில் வைஃபையைப் போட வேண்டும். போனில் கேமராவின் பெயர் தெரியும். கேமராத் திரையில் வரும் எண்ணைப் பார்த்துப் போனில் அடித்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். சேர்ந்த உடனே போனுக்கு ஒரு சந்தேகம் வரும்: இதில் இன்டர்நெட் இல்லையே, இதிலேயே இருக்கட்டுமா என்று கேட்கும். இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு பழைய சிக்னலுக்கே போய்விடும். நடுவில் யாராவது அழைத்தாலும் அறுந்துவிடும். ஓடும் பேருந்தில் ஒரு படம் வந்து சேர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நடந்ததை நடந்தபடி எழுது என்று சொல்லித்தான் நீங்கள் இந்த வெள்ளைத்தாளைக் கொடுத்தீர்கள், அந்தோணிசாமி சார். நடந்தது இதுதான். மற்றதெல்லாம் இதன் தொடர்ச்சி.

நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத்தில் வருகைப் பதிவுக்குக் கையெழுத்து செல்லாது என்று விதி போட்டவர் நீங்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. போன வருடம் குளம் தூர்வாரப் போனபோது பேருந்தில் இருந்தது முப்பத்தாறு பேர். பதிவேட்டில் இருந்தது ஐம்பத்திரண்டு கையெழுத்து. அதில் நான்கு என்னுடையது, நான்கும் வேறு வேறு பெயரில். அன்றைக்குத்தான் சொன்னீர்கள், இனிமேல் கையெழுத்தை நம்பமாட்டேன், முகத்தைத்தான் நம்புவேன் என்று. படத்தில் முகம் இருந்தால் வந்தான், இல்லாவிட்டால் வரவில்லை. அந்த விதியை நான் மதிக்கிறேன். உண்மையைச் சொன்னால், என் அளவுக்கு அதை யாரும் மதிக்கவில்லை.

திண்டிவனத்துக்குப் பக்கத்து ஏரிக்கரையில் பனை விதை நட்ட அன்று கேமராவை என் கையில் கொடுத்தீர்கள். "பூவரசா, நாப்பது படம் போதும். எல்லார் மூஞ்சியும் வரணும். பஸ்ஸு விழுப்புரம் வந்து சேர்றதுக்குள்ள என் போன்ல இருக்கணும். சாயங்காலமே அறிக்கை அனுப்பணும்" என்றீர்கள். கரையில் பத்து நிமிடம் நின்று முதல் விதையை நட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போய்விட்டீர்கள். அதையும் குறையாகச் சொல்லவில்லை. அதிகாரத்தை ஒருவன் கையில் ஒப்படைத்துவிட்டு ஒருவர் கூட்டத்துக்குப் போவது உலகத்தில் நடப்பதுதான்.

மொத்தம் முப்பத்தெட்டு பேர், என்னையும் சேர்த்து. முப்பத்தேழு பேர் விழுப்புரத்திலேயே கல்லூரிப் பேருந்தில் ஏறினோம். ரஞ்சித் மட்டும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஏறினான். அவன் ஊர் மரக்காணத்துக்கு அந்தப் பக்கம், கடலோரக் குப்பம். அவ்வளவு தூரம் விழுப்புரம் வந்து மறுபடி திண்டிவனம் போவானேன் என்று நேராக அங்கே வந்துவிட்டான். கையில் பெரிய எவர்சில்வர் தூக்கு. வெயிலுக்கு எல்லோரும் தலையில் துண்டு கட்டியிருந்தோம், அவனும் கட்டியிருந்தான். நீங்கள் இருந்த பத்து நிமிடத்தில் அவனைத் தனியாகக் கவனித்திருக்க வாய்ப்பில்லை. இது அவனுடைய துரதிர்ஷ்டம். என்னுடைய ஏற்பாடு அல்ல.

ஆளுக்குப் பத்து விதை நட வேண்டும் என்று கணக்கு. என் பத்தை நடும்போது கேமராவை யாரிடமாவது கொடுக்க வேண்டுமே. பக்கத்தில் நின்றது ரஞ்சித். ஐந்து படம் எடுத்தான். மூன்றில் எனக்குத் தலை இல்லை. நான்காவதில் தலை இருந்தது, கண் மூடியிருந்தது. ஐந்தாவது படம் எடுக்கும்போது நான் விதை மூட்டையோடு சறுக்கி ஏரிச் சேற்றில் உட்கார்ந்தேன். படகில் நின்று பழகியவன் அவன். கால் அசையாது. கை கொடுப்பான் என்று பார்த்தேன், கிளிக் செய்தான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்த ஐந்தாவது படத்தில் எல்லாமே சரியாக இருந்தது. வெளிச்சம் சரி. தெளிவு சரி. இடுப்புவரை சேறு, மடியில் மூட்டை, திறந்த வாய், அதற்குள் ஒரு கடைவாய்ப் பல்கூடத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து என்னை யாரும் அவ்வளவு தெளிவாக எடுத்ததில்லை.

அதைக் கேமராத் திரையிலேயே பெரிதாக்கி மலர்விழியிடம் காட்டினான். எங்கள் வகுப்பில் மலர்விழி சிரிப்பது அபூர்வம். அன்று கரையில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். "டேய் பூவரசா, எங்க வூட்டு எருமை எந்திரிக்கும்போது இப்பிடியேதான்டா பாக்கும்" என்றாள். நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். இந்த விஷயத்துக்கும் பின்னால் நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

மதியம் புங்கமரத்து நிழலில் சாப்பிட்டோம். ரஞ்சித் தூக்கைத் திறந்தான், எறா தொக்கு. எல்லோர் இலைக்கும் போய்ச் சேர்ந்தது. நான் இரண்டு முறை வாங்கிக்கொண்டேன். சாப்பிடுகிறவர்களைப் படம் எடுக்கக் கூடாது என்பது என் கொள்கை. என் கையும் எண்ணெயாக இருந்தது. அதனால் அந்த விருந்துக்குப் படம் எதுவும் இல்லை.

மாலையில் பேருந்து திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்றது. ரஞ்சித் மரக்காணம் வண்டியைப் பிடிக்க இறங்கினான். இறங்கியவன் ஜன்னலைத் தட்டினான்.

"மச்சான், அந்த எருமப் படத்த மொதல்ல குரூப்ல போட்டுடு. மறந்துட்டேன், அழிஞ்சிபோச்சின்னுலாம் சொல்லிக்கினு இருக்காத, இன்னா?"

பேருந்தில் பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேருக்கு ராம்கி எடுத்துச் சொன்னான்.

பேருந்து நெடுஞ்சாலையில் ஏறியதும் வேலையைத் தொடங்கினேன். கேமராவில் நூற்று அறுபத்துநான்கு படங்கள், பேட்டரி எட்டு சதவீதம். விழுப்புரத்துக்கு ஒரு மணி நேரம். எல்லாவற்றையும் மாற்ற முடியாது. யாராவது தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். பேருந்தில் கேமராவோடு சேர்ந்திருந்த ஒரே போன் என்னுடையது. ஒரு சமயத்தில் ஒரு போன்தான் சேரும், நான் கண்டுபிடித்த விதி அல்ல அது.

தேர்ந்தெடுப்பவன் நான் என்று தெரிந்ததும் சக மாணவர்களிடம் ஒரு மரியாதை ஏற்பட்டது. என்னைவிட ஒரு வயது மூத்த ராம்கி என்னை அண்ணா என்றான். "அண்ணா, அந்த மம்முட்டியோட நிக்கிற படம்ணா, அத வுட்டுடாதண்ணா" என்றான். மண்வெட்டியைத் தோளில் சாய்த்து அவன் நின்ற படம் அது. ஜன்னலோர இருக்கை காலியானது. யாரோ மல்லாட்டை வாங்கி வைத்திருந்தார்கள், தோலை உரித்துக் கடலையாகவே கொடுத்தார்கள். மலர்விழி தன்னுடைய ஒரு படத்தில் நெற்றியில் மண் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். இருந்த படத்தை விட்டுவிட்டு இல்லாத படத்தை எடுத்தேன். நான் கொடூரமானவன் அல்ல.

கூட்டேரிப்பட்டு வருவதற்குள் பதினைந்து படம் வந்துவிட்டது. அங்கேதான் அந்த ஐந்தாவது படம் திரையில் வந்தது. அறிக்கைக்கு அது தேவையில்லை. பனை விதை நடுவதைப் பற்றி அந்தப் படம் எதுவும் சொல்லவில்லை. அழித்தேன். மற்ற நான்கையும் தரம் கருதி அழித்தேன்.

அழித்த பிறகுதான் ஒன்று தோன்றியது. நாளை ரஞ்சித் கேட்பான், அந்தப் படம் எங்கே என்று. நான் அப்படி ஒரு படமே இல்லை என்பேன். அவன் நான்தானே எடுத்தேன் என்பான். இப்போது பிரச்சினை படம் அல்ல, எடுத்தவன். எடுத்தவன் அன்றைக்கு வரவே இல்லை என்றால் படம் எப்படி இருக்கும்? அமைதியாக யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு ஓட்டைகூட இல்லை. நான் மல்லாட்டை தின்றுகொண்டே யோசித்தேன்.

ரஞ்சித் இருபத்துமூன்று படங்களில் இருந்தான். பத்தொன்பது சுலபமாகப் போயிற்று. மூன்றில் ஓரமாக நின்றான், வெட்டி எடுத்தேன். மிச்சம் ஒன்று, பேனரோடு எல்லோரும் நிற்கிற குழுப்படம். அதில் அவன் பேனரின் வலது முனையைப் பிடித்தபடி சரியாக அந்த நேரம் பின்னால் குனிந்திருந்தான், செருப்பு வாரைச் சரிசெய்ய. முகம் தெரியவில்லை. நான் ஒன்றுமே செய்யவில்லை. சில சமயம் இயற்கையே நம் பக்கம் நிற்கிறது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள் சார். நான் அவனைப் படங்களிலிருந்து எடுத்தபோது அவன் பேருந்திலேயே இல்லை. இல்லாத ஒருவனை இல்லை என்று காட்டினால் அது பொய் ஆகுமா?

விக்கிரவாண்டி டோல்கேட்டில் நாற்பத்தொன்றாவது படம் வந்து சேர்ந்தது. அதன் பிறகு கேமராவின் கார்டை ஃபார்மேட் செய்தேன். அழித்த படங்களை மீட்டெடுக்கிற மென்பொருள் இருப்பதாக நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். அதனால் பழையவற்றின் மேல் புதியவை பதியட்டும் என்று, விழுப்புரம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே விரலை எடுக்காமல் படம் எடுத்துக்கொண்டே வந்தேன். சாலை நடுவே இருக்கும் அரளிச் செடி, லாரிகள், ஓட்டுநர் சுப்புராயன் அண்ணனின் பின்மண்டை. முந்நூறு படம் இருக்கும். எனக்கு அரளிச் செடி பிடிக்கும். எட்டு சதவீதம் பேட்டரி கடைசிவரை தாங்கியது. அது நல்ல கேமரா.

நாற்பத்தொரு படங்களையும் உங்கள் எண்ணுக்கும் குரூப்புக்கும் அனுப்பினேன். "வெரி குட்" என்று பதில் போட்டீர்கள். அந்தச் செய்தியை இன்னும் வைத்திருக்கிறேன்.

மறுநாள் நீங்கள் முகங்களை எண்ணினீர்கள். முப்பத்தாறு. "படம் எடுத்தவன் நீ. உனக்கு முகம் வேணாம்" என்று என் பெயரில் டிக் போட்டுவிட்டு, "ரஞ்சித் வந்தானா?" என்று கேட்டீர்கள்.

"படத்துல இருக்கானான்னு பாருங்க சார்" என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று நானும் பலமுறை தேடிவிட்டேன்.

ஒரே ஒரு சிக்கல் வந்தது. குழுப்படத்தில் பேனரின் வலது முனையில் நான்கு விரல்கள் தெரிந்தன. "இந்தக் கை யாருதுடா?" என்று வகுப்பில் கேட்டீர்கள். ராம்கி எழுந்து, "என் கைதான் சார்" என்றான். அந்தப் படத்தின் நடுவில் ராம்கி இரண்டு கையையும் தூக்கி வெற்றிச் சின்னம் காட்டிக்கொண்டிருந்தான். நீங்கள் படத்தைப் பார்த்தீர்கள், ராம்கியைப் பார்த்தீர்கள், உட்காரச் சொன்னீர்கள். மம்முட்டிப் படம் நன்றாக வந்ததற்கு அவன் காட்டிய நன்றி அது.

ரஞ்சித் குரூப்பில், "என் படம் ஒண்ணுகூட இல்லியே" என்று எழுதினான். "நீ வந்தியா மாமே?" என்று ராம்கி பதில் போட்டான். செவ்வாய்க்கிழமை அது கேலி. புதன்கிழமையும் கேலிதான், ஆனால் சிரிப்புப் பொம்மைகள் குறைந்தன. வியாழக்கிழமை மலர்விழியே நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "வந்த மாரிதான் இருக்கு. ஆனா அது போன வருஷம் கொளம் வெட்டப் போனப்பவோ?" என்றாள். எல்லோரும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்த நாற்பத்தொரு படங்களைப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க நடந்தது அந்த நாற்பத்தொன்று மட்டும்தான் என்று ஆகிவிட்டது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. படங்களே எல்லாம் பார்த்துக்கொண்டன.

இந்த ஒரு நாள் சேர்ந்தால்தான் ரஞ்சித்துக்குச் சான்றிதழ் என்பது எனக்குத் தெரியும். போலீஸ் வேலைக்குப் போகும்போது அந்தக் காகிதம் உதவும் என்று நம்பிக்கொண்டிருந்தான். அவன் அண்ணன் ஒரே ஒரு மதிப்பெண்ணில் அந்த வேலையை விட்டவர். இதையெல்லாம் அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான், அதே ஏரிக்கரையில், எனக்குத் தொக்கு போட்டுக்கொண்டே.

வெள்ளிக்கிழமை குடிதண்ணீர்க் குழாய் அருகே என்னைப் பிடித்தான். முகம் வாடியிருந்தது. வராமலே வந்ததாகப் பொய் சொல்கிறான் என்று அவன் அம்மாவைக் கூட்டிவரச் சொல்லியிருந்தீர்கள்.

"மச்சான்," என்றான், மெல்ல. "நான் வந்தேன் இல்ல?"

கேள்வியை இன்னொரு முறை கவனியுங்கள் சார். வந்தேன் என்று அவன் சொல்லவில்லை. வந்தேனா என்று கேட்டான். ஐந்து நாளில் ஒரு மனிதனைத் தன் கால்களையே நம்பாத இடத்துக்குக் கொண்டுபோக முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. அதற்கு ஒரு போனும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

"படத்துல தேடிப் பாத்தியா?" என்று கேட்டேன். அவன் தலையை ஆட்டினான். தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

திங்கட்கிழமை அவன் அம்மா வீரம்மாள் வந்தார். மீன் விற்பவர். அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். உங்கள் அறையில் நீங்கள் போனில் ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினீர்கள். அவர் பொறுமையாக நாற்பத்தொன்றையும் பார்த்தார். நான் சாட்சிக்காகக் கதவருகே நின்றேன். வெளியே வராந்தாவில் பாதி வகுப்பு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. ரஞ்சித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"புள்ள இல்லதான் சாரு, இதுல" என்றார் கடைசியில். போனை உங்களிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீதான் படம் புடிச்ச தம்பியா?"

"ஆமாம்மா."

"பூவரசன்தான உம் பேரு? வூட்ல ரஞ்சித்து சொல்லிக்கினே இருப்பான்." பிறகு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சும்மா விசாரிப்பது போல்தான் கேட்டார். "அன்னிக்கி எறா தொக்குல காரம் கொஞ்சம் தூக்கலாப் பூடுச்சி. புள்ளைங்க எப்பிடி சாப்புடுதுங்களோன்னு ஒரே ரோசன எனக்கு. காரமா இருந்துச்சாப்பா?"

பெரியவர்கள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் உடனே நல்லபடியாகப் பதில் சொல்ல வேண்டும் என்று எங்கள் வீட்டில் வளர்த்திருக்கிறார்கள்.

"அதெல்லாம் இல்லம்மா, சரியா இருந்துச்சி. நான் ரெண்டு தபா வாங்கினேன்" என்றேன்.

வராந்தாவிலிருந்து ராம்கி எட்டிப் பார்த்து, "நான் மூணு தபா, ஆயா" என்றான். மலர்விழி, "உப்புதான் ஒரு கல்லு கம்மி" என்றாள். சொன்ன பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். ரஞ்சித் தலையை நிமிர்த்தினான். அவன் கண்ணில் தெரிந்தது கோபம் அல்ல. தொலைந்த செருப்பு கிடைத்தவன் முகம் போல இருந்தது.

"அப்ப சரி" என்றார் வீரம்மாள். "தூக்கு வூட்டுக்கு வர்ல. அதையும் குடுத்துடச் சொல்லுங்க சாரு. மூடி வேற இருக்கு அதுக்கு."

ரஞ்சித் பேருந்தில் மறந்துவிட்டுப் போன தூக்கு எங்கள் வீட்டில் இருந்தது. அம்மா கேப்பை மாவு போட்டு வைத்திருந்தார்.

அந்த அம்மா தெரிந்துதான் கேட்டாரா, தற்செயலாகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. முந்நூறு அரளிச் செடியை ஒரு கரண்டித் தொக்கு தோற்கடிக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? நாக்கை ஃபார்மேட் செய்ய வழி இல்லை.

ஆக, ஒப்புக்கொள்கிறேன். ரஞ்சித் வந்தான். அவனை வராதவன் ஆக்கியது நான். பேட்டரி குறைவாக இருந்ததும், வைஃபை மெதுவாக வேலை செய்ததும், நாற்பது படம் போதும் என்று நீங்கள் சொன்னதும்தான் காரணம். வேறு காரணம் கிடையாது. எருமை என்று சொன்னதை நான் அன்றே மறந்துவிட்டேன்.

நீங்கள் ரஞ்சித் பெயரில் டிக் போட்டீர்கள். நியாயம். பிறகு, விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லி என் பெயரில் இருந்த டிக்கை அழித்துவிட்டீர்கள். என் முகம் எந்தப் படத்திலும் இல்லை, யாராவது நேரில் வந்து சொன்னால் பார்க்கலாம் என்றீர்கள். தொக்கைப் பற்றி நினைவூட்டினேன். விழுப்புரத்தில் உட்கார்ந்துகொண்டே தூக்கை வாங்கித் தின்றிருக்கலாமே என்றீர்கள். அதுவும் நியாயம்தான். எனக்கும் இது சான்றிதழ் வருடம் என்பதை மட்டும் பணிவோடு குறிப்பிடுகிறேன்.

ராம்கியிடம் கேட்டேன். என்னை அண்ணா என்று கூப்பிட்டதே அவனுக்கு நினைவில்லை. மலர்விழி, "படத்துல பாத்தா ஞாபகம் வரும். இல்லியே" என்றாள். முப்பத்தாறு பேரிடம் கேட்டேன். முப்பத்தாறு பேரும் போனைத் திறந்து நாற்பத்தொரு படங்களையும் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

கடைசியில் ரஞ்சித்திடம் போனேன். அவன் நல்லவன், மறுக்கவில்லை.

"வந்தியா மச்சான்?" என்றான். "எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. அன்னிக்கி ஒரே ஒரு எருமதான் ஞாபகம் இருக்கு. அது நீதானான்னு பாத்துச் சொல்றேன், அந்தப் படத்த அனுப்பு."

அந்தப் படம் இருந்திருக்கலாம் சார். நிதானமாக நினைத்துப் பார்த்தால், அதில் நான் ஒன்றும் அவ்வளவு மோசமாக இல்லை.